வடிவமைத்தவர் கட்டத்தில் ஒரு பெயர்

லிங்கம் விஷன் நிறுவனத்தின் இருபதாண்டு நிறைவு மலரை எழுதியவள் நான்தான். 1994-இல் வந்தது. வழவழப்பான தாள், நாற்பத்தெட்டுப் பக்கம், முதல் பக்கத்தில் நிறுவனர் கனகலிங்கம் கோட்டும் டையுமாகக் கன்னத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல ஒரு படம். ஒன்பதாம் பக்கத்தில், ‘நம் நிறுவனர் 1979-இல் தாமே வடிவமைத்த கருவிதான் நம்மை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டு சென்றது’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது பச்சைப் பொய். பொய் என்று தெரிந்தே அதைத் தட்டச்சு செய்தேன். அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு முறை படித்தும் பார்த்தேன்.

அந்தக் கருவியை வடிவமைத்தவர் ஸ்டானிஸ்லாஸ். மலரின் கடைசியில் ‘நீண்டகால ஊழியர்கள்’ என்றொரு பட்டியல் உண்டு. அதில் கேன்டீன் சமையல்காரருக்கு அடுத்தபடியாக அவர் பெயர் வரும். கேன்டீன்காரரை நான் குறை சொல்லவில்லை. வறுத்த நூடுல்ஸான மீ கோரெங் நன்றாகவே செய்வார். அவர் செய்ததை அவர்தான் செய்தார் என்று மலர் ஒப்புக்கொண்டது. ஸ்டானிஸ்லாஸுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

போன மாதம் அவர் கிள்ளானில் காலமானார். பத்திரிகையின் மரண அறிவித்தலில், ‘முன்னாள் தொழில்நுட்பப் பணியாளர்’ என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இதை எந்த மலரும் போடப்போவதில்லை, யாரும் எழுதச் சொல்லிக் கேட்கவுமில்லை. கேட்டு எழுதியதன் லட்சணத்தைத்தான் மேலே சொன்னேனே.

ஸ்டானிஸ்லாஸின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. செந்தூல் ரயில்வே பட்டறையில் சிக்னல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை முடிந்து சாயங்கால வகுப்புக்குப் போய் ஒரு டெக்னிக்கல் சான்றிதழ் வாங்கினார். காகிதத்தில் அவ்வளவுதான் அவர். ஆனால் பழுதான கருவி ஒன்றின் மூடியைக் கழற்றும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், கல்யாண வீட்டில் பந்தியில் இலை போட்டதும் சிலருக்கு வருமே, அதே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை ரோசரி சர்ச்சில் பாடுவார். மற்ற ஆறு நாளும் அதே பாட்டை வேலை மேசையில் முணுமுணுப்பார். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை.

கனகலிங்கம் வேறு ரகம். எங்களைப்போல யாழ்ப்பாணத்து வழி வந்தவர். லண்டன் பட்டம், அரசாங்கத் தொலைத்தொடர்புத் துறையில் எஞ்சினியர். அந்த வேலையை 1974-இல் உதறிவிட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பித்தார். எங்கள் ஆட்களிடம் பென்ஷன் உள்ள வேலையை விட்டவனுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். நல்லவேளை, அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து, முதல் ஆளாக ஸ்டானிஸ்லாஸைச் சேர்த்துக்கொண்டார். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுதுபார்க்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்த காலம் அது. ஆனால் தொலைக்காட்சி நிலையத்துக்குள்ளே இருக்கும் கேமராவையும் மானிட்டரையும் தொட ஆளில்லை. கப்பலேற்றி அனுப்பினால் திரும்பி வர ஆறு மாதமாகும். அந்த ஓட்டையில்தான் லிங்கம் விஷன் நுழைந்தது.

1976-இல் நான் அங்கே வரைபடப் படியெடுப்பவளாகச் சேர்ந்தேன். பென்சிலில் போட்ட வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் மையில் எடுக்க வேண்டும். எனக்கு இருபத்தொரு வயது. என் அப்பா சிவசம்பு அரசாங்கக் கருவூலத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தொரு வருடம் கடிதம் எழுதினார். ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. எல்லாம் மேலதிகாரியின் பெயரில் போயின. அதில் அவருக்கு வருத்தமில்லை, பெருமை. “எழுதுறது எங்கட வேலை பிள்ளை, பேர் போடுறது அவையின்ர வேலை. அதை மாத்த வெளிக்கிட்டா கந்தோர் ஓடாது,” என்பார். கந்தோர் என்றால் எங்கள் பேச்சில் அலுவலகம். சோறு ஊட்டும்போதே இதையும் ஊட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

1978-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. ஒரு ஸ்டூடியோவில் மூன்று நான்கு கேமராக்கள் இருக்கும். எல்லாம் ஒரே நொடியில் படத்தைத் தொடங்கி ஒரே நொடியில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது படம் குதிக்கும். அவற்றுக்கெல்லாம் தாளம் போடுவதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. அதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அதற்குத் ‘தாளப்பெட்டி’ என்று பெயர் வைத்தார், எங்கள் மாடியில் அதுவே நிலைத்தது. வண்ணம் வந்தபின் நிறத்தையும் அந்தப் பெட்டிக்குள் சீராகத் துடிக்கும் ஒரு சின்னக் கிறிஸ்டல் கல்தான் கட்டிப்பிடித்து வைத்திருந்தது. வந்த பெட்டிகளெல்லாம் குளிர்நாட்டில் செய்தவை. நம் ஊரில் ஏர்கோன் ஒரு மணி நேரம் நின்றால் கிறிஸ்டல் சூடாகி அதன் துடிப்பு இடம் பெயர்ந்துவிடும். வண்ணம் கழன்று படம் கறுப்பு வெள்ளையாகும். ஒரு பெரிய பந்தாட்டத்தின் நடுவில் இப்படி ஆகி, யார் எந்தக் கட்சி என்றே தெரியாமல் நாடே உட்கார்ந்திருந்தது.

நிலையத்துக்காரர்கள் கனகலிங்கத்திடம் கேட்டார்கள், இந்த ஊர் வெயிலுக்குத் தாங்கும் பெட்டி உங்களால் செய்ய முடியுமா என்று. அவர் எதைக் கேட்டாலும் முடியும் என்பார். முடியும் என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறி வந்தார்.

“ஸ்டான், செய்யலாம்தானே?”

“நீங்க சொல்லிட்டு வந்துட்டீங்க. இனிமே செய்யலாமான்னு என்னைக் கேட்டா?” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

ஒன்பது மாதம் ஆனது. ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் பல்பைப் போட்டு அதில் கிறிஸ்டலைச் சூடாக்குவார். குளிரில் சோதிக்க எங்கள் மாடியில் வசதியில்லை. அதனால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஐஸ்பெட்டியில் வைப்பார். அவர் மனைவி சூசன் ஒருநாள் சோற்றுக்கூடையோடு மாடிக்கு வந்தவர் எல்லார் முன்னாலும் வெடித்தார். “வீட்டுல மீன் நாறுது. இவரு கல்லு மட்டும் ஜில்லுனு ஐஸ்பெட்டியில இருக்கு. கல்லையே குழம்பு வச்சுத் தரவா?” ஸ்டானிஸ்லாஸ் சிரித்தாரே தவிர கல்லை வெளியே எடுக்கவில்லை.

அவர் கண்டுபிடித்தது இதுதான். எந்த இரண்டு கிறிஸ்டலும் ஒரே மாதிரி இடம் பெயர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சூட்டுக்கு ஏற்றபடி மாறும் ஒரு சிறு உறுப்பை அதன் பக்கத்தில் வைத்து, கிறிஸ்டல் ஒரு பக்கம் இழுத்தால் அது மறுபக்கம் இழுக்கும்படி செய்தார். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு ரெசிஸ்டர் முடிவு செய்யும். அந்த ரெசிஸ்டரை மட்டும் பெட்டிக்குப் பெட்டி, அந்தந்தக் கிறிஸ்டலுக்கு ஏற்றபடி, தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். குளிரில் ஒரு அளவு, சூட்டில் ஒரு அளவு எடுத்து, இரண்டையும் வைத்து அவராக ஒரு வழிமுறை வைத்திருந்தார். முதல் பெட்டியைப் பிஸ்கட் டின்னுக்குள் ஒரு முழு நாள் ஓடவிட்டார். திரையில் நிறம் அசையவில்லை. அன்றைக்கு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடினார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, தெரியாதது மாதிரி இருந்துவிட்டேன்.

இனி நான் செய்த காரியம். நிலையத்தின் டெண்டருக்கு வரைபடங்கள் போக வேண்டும். ஸ்டானிஸ்லாஸ் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் போட்டிருந்ததை நான் மையில் எடுத்தேன். தாளின் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் உண்டு: வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். வரைந்தவர் கட்டத்தில் என் பெயர், குணேஸ்வரி. வடிவமைத்தவர் கட்டத்தில் நான் கனகலிங்கம் என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு விநாடி யோசிக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் பிறந்த யாராயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். காகிதம் அரசாங்கத்துக்குப் போகிறது, பட்டம் பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார், அவர் பெயர்தான் அதில் வர வேண்டும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

மை காய்ந்தபிறகு ஸ்டானிஸ்லாஸ் வந்து பார்த்தார்.

“குணா, இந்தக் கட்டத்துல பாஸ் பேரு இருக்கு?”

“டெண்டருக்குப் போவுதுண்ணே. எஞ்சினியர் பேரு இருந்தாத்தானே சரி.”

“அப்ப நான் யாரு?”

“நீங்க செஞ்சவரு.”

“செஞ்சவனுக்குக் கட்டம் இல்லையா?”

“இல்லண்ணே. மூணு கட்டம்தான் இருக்கு.”

தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சிரித்தார். “சரி, விடு லா. பெட்டி ஓடினா போதும்.”

பிற்பாடு கனகலிங்கம் கையெழுத்துப் போட வந்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் பேனா சற்று நின்றது. என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அப்புறம் சரிபார்த்தவர் கட்டத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார். தவறு என்னுடையது. ஆனால் அந்த நிமிடத்தோடு அது அவருடையதாகவும் ஆகிவிட்டது.

தாளப்பெட்டி நன்றாக ஓடியது. இந்தோனேசியா வாங்கியது, தாய்லாந்து வாங்கியது, கொழும்புக்குக்கூட இரண்டு போயின. 1981-இல் சுங்கை வே தொழிற்பேட்டையில் சொந்தக் கட்டடத்துக்குப் போனோம். புதுப்புது மாடல்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த முதல் வரைபடம்தான். பழைய தாளிலிருந்து புதிய தாள் எடுக்கும்போது கட்டத்தில் இருந்த பெயரும் கூடவே வரும். பதினாறு வருடத்தில் அறுபத்து மூன்று வரைபடங்கள். ஒவ்வொரு தடவையும் மாற்றி எழுத எனக்கு வாய்ப்பிருந்தது. அறுபத்து மூன்று தடவையும் நான் மாற்றவில்லை. அதற்குள் நான் வரைபடப் பதிவேட்டுக்கே பொறுப்பாளராக ஆகியிருந்தேன். பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

ஸ்டானிஸ்லாஸுக்குச் ‘சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர்’ என்று பதவி. வடிவமைப்புப் பிரிவில் பட்டம் பெற்ற பையன்கள் ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருக்க, இவர் தொழிற்கூடத்தில் நின்றுகொண்டே ஒவ்வொரு பெட்டிக்கும் ரெசிஸ்டர் தேர்ந்தெடுத்துப் பற்றவைத்தார். 1987-இல் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று அவரை வடிவமைப்பு வேலைக்குக் கூப்பிட்டது. நேரே என்னிடம் வந்தார்.

“நான் எதை டிசைன் பண்ணேன்னு காட்டச் சொல்றாங்க குணா. என் பேரு உள்ள ஒரு டிராயிங் வேணும். ஒண்ணே ஒண்ணு.”

“பாஸ்கிட்டக் கேளுங்கண்ணே,” என்றேன். வேறென்ன சொல்வேன்? குமாஸ்தாவின் மகள்.

அவர் போய்க் கேட்டார். கனகலிங்கம் தோளில் கைபோட்டு, நீ போனால் தொழிற்கூடமே நின்றுவிடும், அடுத்த வருடம் உன்னை டிசைன் எஞ்சினியராகப் போடுகிறேன் என்றாராம். அந்த அடுத்த வருடம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை. சிங்கப்பூர் வேலையும் போயிற்று. அதற்குப்பிறகு ஸ்டானிஸ்லாஸ் ஒன்றைப் பிடிவாதமாகச் செய்தார். ரெசிஸ்டர் தேர்ந்தெடுக்கும் வழிமுறையை எந்தக் காகிதத்திலும் எழுத மறுத்துவிட்டார். வரைபடத்தில் அந்த ரெசிஸ்டரின் பக்கத்தில், ‘சோதனையின்போது தேர்ந்தெடுக்கவும்’ என்று மட்டும் இருக்கும். தரச் சான்றிதழுக்காக எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொன்ன வருடம் நான் போய்க் கேட்டேன். தலையில் ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.

“இதுல இருக்கட்டும். இங்கதான் நீ யாரு பேரையும் எழுத முடியாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. போகட்டும், கோபம் தீர்ந்தால் எழுதித் தருவார் என்று விட்டுவிட்டேன். இருபதாண்டு மலரில் அவரைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஏதாவது புண்ணியம் சேரட்டும். பிஸ்கட் டின், ஐஸ்பெட்டி எல்லாம் எழுதியிருந்தேன். கனகலிங்கம் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். “இதெல்லாம் வேண்டாம் பிள்ளை. வாங்க வாறவைக்கு இது குழப்பமா இருக்கும்,” என்றார். அப்போதுதான் கம்பெனியை விற்கும் பேச்சு நடக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. அவர் கோடு போட்டதை எடுத்துவிட்டு நான் மறுபடி தட்டச்சு செய்தேன்.

1995-இல் ஒரு ஆங்கிலேயக் கம்பெனி லிங்கம் விஷனை வாங்கியது. சோதனைப் பிரிவை மூடிவிட்டு அந்த வேலைக்கு இயந்திரம் கொண்டுவரப் போகிறார்கள், அங்கே இருக்கும் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் கருவிகளை வடிவமைத்தவர்களை விடமாட்டார்கள். மூல வரைபடத்தில் வடிவமைத்தவராகப் பெயர் இருப்பவர்களுக்கு மூன்று வருட ஒப்பந்தமும் புதிய அலுவலகத்தில் இடமும் உண்டு. ஸ்டானிஸ்லாஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. பட்டமில்லை. அந்த வயதில் சோதனை மேற்பார்வையாளரை வேறு எவன் எடுப்பான்?

அவர் நேரே ஹார்ப்பர் என்ற புது மேலாளரிடம் போனார். தாளப்பெட்டி என்னுடையது என்றார். ஹார்ப்பர் நியாயமான மனிதர்தான். காகிதம் வேறு மாதிரி சொல்கிறதே, பதிவேட்டுப் பொறுப்பாளரை விசாரிக்கிறேன் என்றார். மறுநாள் என்னைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் கேன்டீனில் ஸ்டானிஸ்லாஸ் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“ரெசிஸ்டர் எடுத்துக் காட்டுங்கண்ணே, நம்பிடுவாங்க,” என்றேன் நான்.

“இருபத்தொரு வருஷம் கழிச்சு வித்தை காட்டி வேலை கேக்கணுமா? முடியாது. உன்னைக் கேப்பாங்க. உள்ளதைச் சொல்லு, அது போதும்.”

“சொல்றேன் அண்ணே.”

“சூசன்கிட்டச் சொல்லிட்டேன், குணா சொல்லிடுவான்னு,” என்றார்.

மறுநாள் காலை கனகலிங்கத்தின் அறைக்குப் போனேன். ஹார்ப்பர் பதிவேட்டைப் பிரித்து வைத்திருந்தார். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். கனகலிங்கம் ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை மிரட்டவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை.

“இந்தக் கட்டங்களில் உள்ள பெயர்களெல்லாம் சரிதானே?” என்று ஹார்ப்பர் ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்றால் அறுபத்து மூன்று வரைபடமும் பொய் என்றாகும். பொய்யைப் பதினாறு வருடம் அடித்தல் திருத்தல் இல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தவள் நான் என்றாகும். புதிய அலுவலகத்தில் எனக்கும் ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். செராஸில் எங்கள் வீட்டில் அப்பா படுத்த படுக்கை. இவையெல்லாம் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை. என் பதிவேட்டைத் தப்பு என்று என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதரின் பிழைப்பைவிட அந்த வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

“எல்லாம் சரி,” என்றேன்.

கேன்டீன் வழியாகப் போனால் ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். பின்பக்கம் லோரிகள் நிற்கும் வாசல் வழியாகப் போனேன்.

அந்த மாதக் கடைசியில் சோதனைப் பிரிவைச் சேர்ந்த பதினெட்டுப் பேரோடு அவரும் போனார். கிளம்பும்போது எல்லாரிடமும் கை கொடுத்தார். என் மேசைப் பக்கம் வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸை விட்டு, கிள்ளானில் சிம்பாங் லீமா பக்கம் ஒரு சின்னக் கடை எடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் தெருவுக்கு நாலு பேர் செய்த வேலை. இப்போது அதையும் தெருவுக்கு ஒருவர்தான் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த வருடம் புதிய தொழிற்கூடத்தில் நாற்பது தாளப்பெட்டிகள் செய்து ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். இரண்டே வாரத்தில் புகார் வந்தது. ஏர்கோன் நின்றால் வண்ணம் கழன்றுவிடுகிறது. இயந்திரம் எல்லாவற்றையும் சோதித்தது, அந்த ஒரு ரெசிஸ்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் அதற்கு யாரும் சொல்லவில்லை. பட்டதாரிகள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவில் போட்டிருந்தார்கள். ஹார்ப்பர் ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் இருந்த கனகலிங்கத்துக்குத் தொலைபேசி போட்டார். வடிவமைத்தவராயிற்றே. அவர், காலம் ஆகிவிட்டது, ஞாபகமில்லை என்றாராம். ஹார்ப்பர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. ஆனால் அவருக்கு அப்போது வேண்டியது நியாயம் இல்லை, பெட்டி.

“திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் மேசையில் அந்த வழிமுறை இருக்க வேண்டும்,” என்றார்.

சனிக்கிழமை பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனதார, அழுதாலும் பரவாயில்லை. அவர் மனம் இளகிய பிறகு ரெசிஸ்டர் விஷயத்தைக் கேட்க வேண்டும். இப்படி வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டபோதே என் மன்னிப்பின் யோக்கியதை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடையிலேயே பின்பக்கம் குடியிருந்தார்கள். சூசன் என்னைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை, ஒதுங்கி வழிவிட்டார். ஸ்டானிஸ்லாஸ் ஒரு பெட்டியின் முதுகைக் கழற்றிவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. ஒரு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. வாயில் பாட்டு இல்லை.

“அண்ணே, அன்னைக்கு நான்…” என்று ஆரம்பித்தேன்.

கையைத் தூக்கி நிறுத்தினார். “பெட்டியில கலர் போவுதா?”

“ஆமாண்ணே.”

“எத்தனை பெட்டி?”

“நாப்பது.”

“எல்லாத்துக்கும் ஒரே ரெசிஸ்டரப் போட்டிருப்பானுங்க.” பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “குணா, நீ மன்னிப்பு கேக்க வந்தியா, ரெசிஸ்டர் எப்படி எடுக்கறதுன்னு கேக்க வந்தியா? ரெண்டையும் ஒரே பையில போட்டுக் கொண்டாராத. மன்னிப்புன்னா இப்ப கேளு. நானும் மனுசன்தான், விட்டுர்றேன். சூசன்கிட்டயும் நான் சொல்லிக்கிறேன். ஆனா அதுக்கப்புறம் பெட்டியப் பத்தி உன் வாயில ஒரு வார்த்தை வரக்கூடாது, வெறுங்கையோட போவணும். இல்ல, பெட்டிதான் வேணும்னா ஒண்ணு விடாம சொல்லித் தரேன். அந்த ஸ்டேஷன்ல உக்காந்து திட்டு வாங்கறவன் எனக்கு என்ன பாவம் பண்ணான்? ஆனா மத்தது இந்த ஜென்மத்துல கிடையாது. என்னா வேணும், சொல்லு.”

சூசன் உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நான் சரியானதைக் கேட்டுவிட வேண்டுமே என்ற தவிப்புத்தான் இருந்தது. அவருக்கு அந்த நட்பு திரும்ப வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும்தான் வேண்டியிருந்தது, சத்தியமாக வேண்டியிருந்தது. கடைச் சுவரில் தொங்கிய காலண்டரில் திங்கட்கிழமை எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது.

பையைத் திறந்து குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தேன்.

“சொல்லுங்கண்ணே,” என்றேன். “எழுதிக்கிறேன்.”